கை எண்ணும் காட்சி

மூன்று மணியாக இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது, நான்கு மணிக்கு இந்த வீடியோவை வெளியே விட்டாக வேண்டும் என்கிறாள் டீனா, நான் இந்தத் துணி அலமாரிக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அலமாரியின் தட்டுகளைக் கழற்றிவிட்டு மூன்று பக்கமும் பழைய கம்பளிகளை ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறாள், எதிரொலி வரக் கூடாதாம். பஞ்சாலைச் சங்கத்துக்காக மைக் இல்லாமல் ஐயாயிரம் பேருக்குப் பேசிய தொண்டை இது. சிங்காநல்லூரில் பேசினால் ஒண்டிப்புதூரில் கேட்கும் என்று போலீஸ்காரர்களே சொல்லிச் சிரிப்பார்கள், இப்போது கம்பளி வாசனைக்குள் உட்கார்ந்து கொய்யாப்பழம் அளவு மைக்கிடம் மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறேன், எழுபத்து நான்கு வயதில். "அப்பா, மைக்க முறைக்காதீங்க, அது ஒண்ணும் மேனேஜர் இல்ல" என்று முதல் நாள் சொன்னாள். டீனா என் மகள், முழுப்பெயர் வாலண்டினா, விண்வெளிக்குப் போன முதல் பெண்ணின் பெயர், பள்ளியில் சேர்க்கப் போனபோது ஹெட்மிஸ்ட்ரஸ் நீங்கள் கிறிஸ்தவர்களா என்று கேட்டார், இல்லை, தொழிலாளர்கள் என்றேன். அந்தப் பதிலுக்காக எத்தனை நாள் பெருமைப்பட்டிருப்பேன். அவள் பம்பு கம்பெனியில் வரைபடப் பிரிவில் வேலை செய்கிறாள், மீதி நேரத்தில் வீடியோ கேம் ஆடி விமர்சனம் எழுதுகிறாள், நான் படிக்கிறேன், சேனலுக்கு "ஆடிப் பார்த்தோம்" என்று பெயர். முழுதாக ஆடி முடிக்காமல் பேச மாட்டோம் என்பது அதன் வாக்குறுதி, ஒவ்வொரு தடவையும் தொடக்கத்தில் அந்த வரியை நான்தான் படிக்கிறேன். நாற்பத்தோராயிரம் பேர் பார்க்கிறார்கள். தாத்தா வாய்ஸ் வேற லெவல் என்று கீழே எழுதுகிறார்கள். தோழர் என்று ஒருவன் எழுதினான், இரண்டு வருஷத்தில் ஒரே ஒருவன், அவனும் கேலிக்குத்தான் எழுதியிருப்பான் போல, பக்கத்தில் சிரிக்கிற முகம் போட்டிருந்தான்.

முதுகு வலிக்கிறது. டீனா எதிர் மேசையில் எதையோ வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறாள், அவள் திரையின் வெளிச்சம் கதவிடுக்கு வழியாக என் முழங்கால்மேல் விழுகிறது. எனக்கு இந்த விளையாட்டுகளைப் பற்றி ஆரம்பத்தில் அபிப்பிராயமே கிடையாது, படிப்பதற்கு வந்தவன், ஆனால் எதையும் படித்தால் அதன்மேல் அபிப்பிராயம் வராமல் இருக்காது எனக்கு, நான் ஐந்தாம் வகுப்பு, அதற்குமேல் என்னைப் படிக்கவைத்தது முப்பது பைசா பிரசுரங்கள்தான், பிரசுரம் படித்தவனுக்கு வாயை மூடிக்கொண்டு படிக்கத் தெரியாது. போன தீபாவளிக்கு வந்த அந்த விவசாய விளையாட்டு, உலகமே கொண்டாடியது, மனதுக்கு அமைதி தருகிறது என்று எழுதாத ஆள் இல்லை, தராமல் என்ன செய்யும், அதில் நிலம் இருக்கிறது, பண்ணையார் இல்லை, மழை தேதி தவறாமல் பெய்கிறது. இந்த வருஷம் சண்டை விளையாட்டு ஒன்று வந்தது, எதிரிகள் அறுநூறு பேர், முகம் மொத்தம் நான்கு, டீனாதான் அதைக் கண்டுபிடித்து எழுதினாள், கெட்டிக்காரி. பிறகு அந்த நகரம் கட்டும் விளையாட்டு. அதில் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் வந்தால் கூரைமேல் சிவப்பாக ஒரு முக்கோணம் மினுக்கும், பக்கத்தில் பூங்கா கட்டினால் முக்கோணம் போய்விடும். பூங்கா! எங்கள் மில் வேலைநிறுத்தத்தில் அறுபத்தொன்பது நாள் நாங்கள் உட்கார்ந்த பந்தலுக்குப் பக்கத்தில் யாராவது பூச்செடி வைத்திருந்தால் போதுமாயிருந்திருக்கும். அன்று நான் படித்துக்கொண்டே சிரித்துவிட்டேன், அந்தச் சிரிப்பை அவள் வெட்டவில்லை, அதுதான் அதிகம் பேர் பார்த்த வீடியோ. சிரிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள்.

இன்றைக்கு வந்திருப்பது வேறு. கேட் மீட்டிங் என்று பெயர், மதுரையில் நான்கு பேர் சேர்ந்து செய்தது, ஒரு பஞ்சாலை வேலைநிறுத்தம், ஆடுகிறவர்தான் சங்கத் தலைவர். நேற்று மதியம் வெளிவந்தது, அதற்குள் பத்துப் பதினைந்து விமர்சனம் வந்துவிட்டது, டீனாவும் இரவோடு ஆடி முடித்து, இன்று நான்கு மணிக்கு நமது தீர்ப்பு என்று நேற்றே அறிவித்துவிட்டாள். எனக்குக் காட்டவில்லை, நீங்க பாத்தா கொடி நெறம் தப்பு, கோஷம் தப்புன்னு ஆரம்பிப்பீங்க என்றாள். காகிதத்தைத்தான் கொடுத்தாள். ஆறு பக்கம், எனக்காகப் பெரிய எழுத்தில். நல்ல எழுத்து, அலட்டல் இல்லை, மில் சத்தத்தை நன்றாகப் பிடித்திருக்கிறார்கள், வசனம் கோயமுத்தூர் வசனமாகவே இருக்கிறது, குறை என்றால் இரண்டு. ஒன்று, ஆட்டத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் பந்தலில் பாதி ஆட்களே இல்லை, விரித்த சாக்குகள் காலியாகக் கிடக்கின்றன, ஆள் வரையச் சோம்பல்பட்டிருக்கிறார்கள். இரண்டு, நான்காம் பக்கம், மேலிருந்து மூன்றாவது வரி, அங்கேதான் அரை மணி நேரமாக நிற்கிறேன். "கேட்டுக்கு முன்னால் கைகளை எண்ணும் காட்சி தேவையற்ற இழுவை, பதினோரு நிமிடம் பொறுமையைச் சோதிக்கிறது." அவ்வளவுதான் வரி. இரண்டு தடவை படித்துப் பதிவு செய்தாயிற்று, முதல் தடவை நாக்கு குழறியது, இரண்டாவது தடவை சரியாக வந்தது, சூப்பருங்கப்பா என்றாள், நான் மூன்றாவது ஒன்று எடுக்கலாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடிக்கிறது, அது நிற்கட்டும் என்று சொன்னேன், நின்றுவிட்டது.

தேவையற்ற இழுவை. சத்தமாகச் சொன்னால் நன்றாகத்தான் இருக்கிறது, என் வாய்க்கு ஏற்ற வரி. கை எண்ண எவ்வளவு நேரமாகும், பதினோரு நிமிடமா, ஆகுமா, நாங்கள் எண்ணியிருந்தால் ஆகியிருக்கும், நானூறு பேர். எண்பத்தொன்பது, மார்ச் ஒன்பது, வியாழக்கிழமை, நாற்பத்தேழாம் நாள். பாதிக் கோரிக்கையை ஒத்துக்கொள்கிறோம், உள்ளே வாருங்கள் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. தொடர்வதா திரும்புவதா, நான்கு மணிக்குக் கேட் முன்னால் கை தூக்கி முடிவு. காலையில் பத்து மணிக்கே நான் நோட்டீஸை எழுதிக் கொடுத்துவிட்டேன், ஏனென்றால் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவர் மதியம் அவர் மாமனார் வீட்டுச் சீருக்குப் போகிறார், அதற்குள் அடித்தால்தான் உண்டு. எல்லாச் சங்கமும் செய்வதுதான் அது, தீர்மானம் முந்தின ராத்திரியே எழுதியாகிவிடும், கூட்டம் முடிகிற கையோடு நோட்டீஸ் ஜனங்கள் கைக்குப் போகவேண்டும், ஆறிப்போனால் யார் படிப்பார்கள். "போராட்டத்தைத் தொடர ஒருமனதாக முடிவு." ஒருமனதாக என்பதைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். பெஞ்சுமேல் ஏறி நின்றேன், தொடர வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றேன், தூக்கினார்கள், நிறையத் தூக்கினார்கள். வேண்டாம் என்பவர்கள் என்றேன், அதைச் சம்பிரதாயத்துக்குக் கேட்பது, கேட்டுவிட்டு மூச்சு விடுவதற்குள் அடுத்ததற்குப் போய்விட வேண்டும், ஆனால் கைகள் எழுந்தன, நூலைக் கூம்பில் சுற்றுகிற கோன் வைண்டிங் பிரிவுப் பெண்கள் நின்ற பக்கம் முழுக்க, அப்புறம் பின்னால், அப்புறம் மரத்தடியில். பழனாத்தாள் முன்வரிசையில் நின்றாள், கோன் வைண்டிங்கில் பதினெட்டு வருஷ சர்வீஸ், சங்கத்தின் முதல் ரசீதுப் புத்தகத்தில் பெயர் உள்ளவள், "எண்ணுங்க தோழர்" என்றாள். கத்தவில்லை. நான் கீழே பார்த்தேன், பெஞ்சுக்கடியில் சணல் கயிறு கட்டிய நோட்டீஸ் கட்டுகள், ஈர மை வாசனை என் காலிலிருந்து எழும்பி வருகிறது. ஒற்றுமை ஓங்குக என்று கோஷம் போட்டேன். கோஷம் போட்டால் திருப்பிச் சொல்ல வேண்டும், சொல்லும்போது முஷ்டி உயர வேண்டும், அது அவர்கள் உடம்பிலேயே ஊறியது, நான் ஊறவைத்தது, வேண்டும் என்ற கையும் வேண்டாம் என்ற கையும் எல்லாம் முஷ்டியாகி மேலே நின்றது. அதற்குமேல் யார் எண்ணுவது. இருபத்திரண்டு நாள் கழித்துக் கேட்டைப் பூட்டினார்கள், இன்றுவரை திறக்கவில்லை, இப்போது அங்கே அடுக்குமாடி.

அவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. இதுதான், சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கிறேன், எனக்குத் தெரியாது. நூற்றைம்பது இருக்கும் என்று சில நாள் தோன்றும். இருநூறைத் தாண்டியிருக்குமோ என்று சில நாள் தோன்றும், அன்றைக்குச் சோறு இறங்காது. கண்ணை மூடி எண்ணிப் பார்த்திருக்கிறேன், பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில், மனைவியைத் தகனத்துக்குக் கொண்டுபோன வேனில் உட்கார்ந்துகூட எண்ணினேன், என்ன மனிதன் நான், முப்பது நாற்பது வரைக்கும் முகங்கள் வரும், பிறகு முஷ்டிகள் வந்துவிடும். மறுநாளிலிருந்து கோன் வைண்டிங் பெண்கள் பந்தலுக்கு வரவில்லை, நான் இன்னொரு நோட்டீஸ் எழுதினேன், போராட்டத்தைக் காட்டிக்கொடுத்த கருங்காலிகள் என்று. நல்ல நோட்டீஸ் அது, அந்தக் காலத்தில் அதை மனப்பாடமாகச் சொல்வார்கள். பத்து வருஷம் கழித்து ரேஷன் கடையில் பழனாத்தாளைப் பார்த்தேன், எனக்கு முன்னால் நின்றாள், திரும்பாமலே பேசினாள். "எண்ணியிருந்தா எங்க பக்கம் தோத்துத்தான் போயிருக்குமுங்க. தோத்தம்னு தெரிஞ்சிருக்கும், அவ்வளவுதான்." பிறகு பையை நீட்டி அரிசியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். தோற்றிருப்போம் என்று எனக்குத் தயவு பண்ணினாளா, உண்மையாகவே அப்படி நினைத்தாளா. அதையும் நான் கேட்கவில்லை.

"அப்பா, மூணு இருவது. மூணாவது டேக் போலாமா?" டீனா கதவைத் திறந்து தலையை நீட்டினாள். நான் அந்தக் காட்சியில் என்ன நடக்கும் என்று கேட்டேன். "எதுலங்கப்பா?" எண்ணுகிறதில். "கை தூக்குவாங்க. கீழ ரெண்டு பட்டன் வரும், எண்ணு, அறிவின்னு. அறிவி போட்டா அப்படியே அடுத்ததுக்குப் போயிரும்." நீ எண்ணினாயா. அவள் காதுக்குப் பின்னால் முடியைத் தள்ளினாள், சின்ன வயதிலிருந்து மாட்டிக்கொள்ளும்போது செய்வது. "ஆரம்பிச்சேன். ஒவ்வொரு கையாப் போய் அமுக்கணுமுங்கப்பா. நடுவுல அவங்க கைவலின்னு எறக்குவாங்க, திருப்பிக் கேக்கணும். ஒரு நிமிஷம் பாத்தேன். யாருமே எண்ணல, எல்லா ரிவ்யூவும் பாத்துட்டேன், சேலம் பையன், அந்த இங்கிலீஷ்காரி, எல்லாரும் இழுவைன்னுதான் சொல்றாங்க, எல்லாருமே." அப்போ இழுவை என்று உனக்கு எப்படித் தெரியும் என்றேன். "பதினோரு நிமிஷமாகும்னு கேம்லயே போட்டிருக்குங்கப்பா!" எல்லோரும் சொன்னால் ஆயிற்றா. "ஆரம்பிச்சுட்டீங்களா. நான் சாப்பிடறப்ப, தூங்கறப்ப எல்லாம் உங்க மில்லத்தான கேட்டு வளந்தேன். இது கேமுங்கப்பா. இதுக்கும் நோட்டீஸ் அடிக்காதீங்க." எனக்கு அவளை ஜெயிக்க வேண்டும் என்று இல்லை, அசதியாக இருந்தது, இந்த வரியைப் படித்துவிட்டுப் படுக்கலாம், ஒரு வரி, என் வாயிலிருந்து எத்தனை வரி போயிருக்கிறது. மைக்கைப் பார்த்தேன். அன்றைக்கு நானும் எண்ணவில்லை சாமி என்று அவளிடம் சொன்னேன். எதை என்றாள். சொன்னேன். நோட்டீஸ் காலையிலேயே அடித்ததை, பெஞ்சுக்கடியில் கட்டு இருந்ததை, கோஷத்தை. அவள் அம்மாவிடம்கூடச் சொல்லாதது, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது, இவ்வளவு சின்னதா அது. டீனா கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். "வாங்க, வெளிய வந்து எண்ணுங்க, பாப்போம்" என்றாள். கோபமா இரக்கமா தெரியவில்லை.

நாற்காலியில் உட்காரவைத்துக் கையில் கன்ட்ரோலரைத் திணித்தாள், இடது பக்கக் குமிழைத் தள்ளினால் நகரும், பச்சைப் பொத்தானை அமுக்கினால் ஒரு கை. திரையில் கேட், தூசி, ஜனங்கள். கொடியின் நிறம் சரியாகத்தான் இருந்தது. லாரிமேல் நிற்கிற தலைவனுக்கு வயது முப்பது இருக்கும், முட்டாள்தனமான நம்பிக்கையுள்ள முகம், எவனோ மதுரையில் உட்கார்ந்து இதை வரைந்திருக்கிறான். ஒன்று, இரண்டு. ஒவ்வொரு கைக்கும் ஒரு முகம் இருந்தது, நான்கு முகம் இல்லை, தனித்தனி முகம், அமுக்கினால் அவர்கள் நம்மை ஒருமுறை பார்க்கிறார்கள். பதினாறில் விரல் வழுக்கி ஒரே ஆளை இரண்டு தடவை அமுக்கிவிட்டேன், "என்னையத்தான் எண்ணிட்டீங்களே தோழர்" என்று அவன் சொல்ல, கூட்டம் சிரித்தது, டீனாவும் சிரித்தாள். அறுபதில் ஒருத்தி கையை இறக்கிவிட்டாள், கையைப் பிடித்துவிட்டுக்கொண்டு நின்றாள், திரும்பப் போய்க் கேட்டேன், தூக்கினாள். பக்கத்து வீட்டில் டிவி போட்டார்கள். எண்பது, தொண்ணூறு. எனக்கு முஷ்டிகள் வந்துவிடுமோ என்று பயமாயிருந்தது, நூறு வரைக்கும் நான் ஒருநாளும் போனதில்லை. வேண்டும் என்பவர்கள் நூற்றுப் பதினெட்டு. வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள். மறுபடி முதலிலிருந்து. யாரும் கோஷம் போடவில்லை, அப்படி ஒரு பொத்தானே அவர்கள் வைக்கவில்லை. எண்பத்தாறு. மணி மூன்று ஐம்பத்தெட்டு, எனக்கு இருபது நிமிடத்துக்குமேல் ஆகியிருந்தது.

"பாத்தீங்களா, அதே முடிவுதான்" என்றாள் டீனா. "அறிவி போட்டாலும் ஸ்ட்ரைக் தொடரத்தான் செய்யும். எண்ணி என்னங்கப்பா மாறுச்சு? நான் எழுதினது கரெக்ட்." ஆமாம் என்று பட்டது. ஒன்றும் மாறவில்லை. நூற்றுப் பதினெட்டு மதுரைக்காரர்களின் கணக்கு, என்னுடையது அந்த அடுக்குமாடிக்கு அடியில் கிடக்கிறது, அது வராது. எழுந்திருக்கப் பார்த்தேன். திரையில் மறுநாள் காலை வந்தது, பந்தல், விரித்த சாக்குகள், ஆட்கள் வந்து உட்காருகிறார்கள், பிறகு சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு சில பெண்கள் வந்தார்கள், அதில் மூத்தவள் தலைவனுக்கு எதிரே வந்து நின்றாள். "எங்க பக்கம் தோத்துருச்சுங்க தோழர். பந்தல்ல உக்கார எங்களுக்கு எந்தக் கெழமை முறைன்னு சொல்லுங்க, சோறாக்கி வெச்சுட்டு வரணும்." பெண்கள் சாக்கில் உட்கார்ந்தார்கள். டீனா என் கையிலிருந்ததைப் பிடுங்கி நிறுத்தினாள். "இவங்க யாரு? இவங்க இல்லைங்கப்பா. நான் ஆடறப்ப இவங்க யாருமே வரல." அவள் ஆடியபோது பதிவு செய்ததைத் தேடி எடுத்தாள், அதே பந்தல், அதே வெயில், இந்தப் பெண்கள் உட்கார்ந்த சாக்குகள் மட்டும் காலி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "சோம்பல்னு எழுதினேன்" என்றாள். "நான் அறிவின்னு போட்டதாலதான் அவங்க வரல. அதப் போய்…" மேசைமேல் போன் அதிர்ந்தது, நான்கு மணி ஆச்சு எங்கே வீடியோ என்று யாரோ கேட்கிறார்கள், இன்னொருவர், இன்னொருவர்.

இழுவை, சோம்பல் என்ற அந்த இரண்டு வரிகளையும் அவள் நீக்கினாள். "இத எடுத்துட்டாப் போதும், மத்ததெல்லாம் இருக்கட்டும். எண்ணிப் பாத்தோம்னே சொல்லிரலாம், இப்ப நீங்க எண்ணிட்டீங்கல்ல." நான் அவளைப் பார்த்தேன். அந்த வழி எனக்குத் தெரியும், சுத்தமான வழி, யாருக்கும் தெரியவராது. நேற்று நீ எண்ணாமல் எழுதினாய், அதையும் சொல் என்றேன். "அப்பா, முழுசா ஆடித்தான் பேசுவோம்னு ஒவ்வொரு வாரமும் உங்க வாயால சொல்றோம். இதச் சொன்னா அந்த சேலம் பையன் ஒரு வாரம் வெச்சு ஓட்டுவான். கமெண்ட்ல கிழிச்சுருவாங்க. ரெண்டு வருஷமா தூக்கம் கெட்டு நான் சேத்த பேருங்கப்பா." தெரியும் என்றேன். எனக்கும் அப்போது பெயர் இருந்தது என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை, சொல்லாமலே அவள் கேட்டுவிட்டாள் போல, திரும்பி உட்கார்ந்தாள். தட்டச்சுச் சத்தம் வந்தது, நின்றது, வந்தது. ஒரு தாளை அச்சடித்து நீட்டினாள், பெரிய எழுத்தில். "படிங்க. நான் மனசு மாறறதுக்குள்ள படிங்க."

அலமாரிக்குள் போனேன். கம்பளிகள். ஆரம்பிக்கலாம் என்று விரலைக் காட்டினாள். நான் படித்தேன், உரக்க இல்லை. "கைகளை எண்ணும் காட்சி இழுவை என்று நேற்று எழுதினோம். அதை எண்ணாமலே எழுதினோம். பந்தல் பாதி காலியாக இருந்தது ஆட்டத்தை உருவாக்கியவர்களின் குற்றமல்ல, எங்கள் குற்றம். வேண்டாம் என்று கை தூக்கியவர்களை எண்ணினால் மறுநாள் அவர்கள் வருகிறார்கள்." தாளில் அவ்வளவுதான் இருந்தது, முற்றுப்புள்ளி வைத்திருந்தாள். என் வாய் நிற்கவில்லை. "எண்பத்தொன்பது மார்ச் ஒன்பதாம் தேதி எங்கள் மில் கேட்டில் நான் எண்ணவில்லை. ஒருமனதாக என்று நான் அடித்த நோட்டீஸ் பொய். கோன் வைண்டிங் பெண்கள் கருங்காலிகள் அல்ல."

டீனா கதவைத் திறக்கவில்லை. வெளியிலிருந்து கேட்டாள், "அப்பா, கடைசில சொன்னது ஸ்கிரிப்ட்ல இல்ல." தெரியும் என்றேன். "கேம் பாக்க வர்றவங்களுக்கு ஒண்ணும் புரியாதுங்கப்பா." புரியாது. பழனாத்தாள் இருக்கிறாளா, இல்லையா, இருந்தால் எந்த ஊரில், யார் போனில் இதை அவளுக்குக் காட்டப் போகிறார்கள், ஒன்றும் எனக்குத் தெரியாது. டீனா பதிவைத் திரும்ப ஓடவிட்டுக் கேட்கிறாள், கதவு வழியாக எனக்கும் கேட்கிறது, கிழவன் ஒருவன் பேசுகிறான், அந்தக் குரலைக் கேட்டு யாரும் எதற்கும் கை தூக்க மாட்டார்கள். கோன் வைண்டிங் என்ற இடத்தில் நிறுத்தினாள். "இங்க கொஞ்சம் கொழகொழன்னு கேக்குது" என்றாள். "அந்தப் பேரு மட்டும் தெளிவா இன்னொருக்கா சொல்லுங்க."